நெதர்லாந்துத் தேர்தலில் முதலிடம் பிடித்தவர் ஏன் பிரதமர் ஆகவில்லை?

2023 நவம்பர் 22, இரவு ஒன்பது மணி. நெதர்லாந்தில் வாக்குச்சாவடிகளை மூடிய கையோடு, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு தொலைக்காட்சியில் வந்தது. கேர்ட் வில்டர்ஸின் பிவிவி கட்சிக்கு 35 இடங்கள் என்றது அது. எண்ணி முடித்தபோது 37 ஆகியிருந்தது. குடியேற்றத்தையும் இஸ்லாமையும் எதிர்ப்பதையே அரசியலாகக் கொண்ட கட்சி, நாட்டிலேயே பெரிய கட்சியாகிவிட்டது. மறுநாள் உலகம் முழுக்க 'வில்டர்ஸ் வெற்றி' என்பதுதான் தலைப்புச் செய்தி.

ஆனால் வில்டர்ஸ் பிரதமர் ஆகவில்லை. ஏழு மாதத்துக்கு மேல் புதிய அரசே அமையவில்லை. அமைந்தபோது, தேர்தலில் நிற்காத ஓர் அதிகாரி பிரதமரானார். அந்த அரசும் பதினோரு மாதத்தில் கவிழ்ந்தது. 2025 அக்டோபரில் மறுபடி தேர்தல். அரசில் இருந்த நான்கு கட்சிகளில் ஒன்று அதில் 20 இடங்களிலிருந்து பூஜ்யத்துக்குப் போனது.

இது குழப்பமான நாட்டின் கதை இல்லை. அவர்களுடைய விதிகளின்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. விஷயம் என்னவென்றால், நெதர்லாந்தில் தேர்தல் முடிவு யார் ஆளப்போகிறார்கள் என்று சொல்வதில்லை. பேச்சுவார்த்தை மேசையில் யார் யாருக்கு எவ்வளவு பலம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது என்பது ஒரு கேள்வி, இடம் எப்படி அரசாக மாறுகிறது என்பது இன்னொன்று. முதலாவது சுலபமான கணக்கு. இரண்டாவதில்தான் வம்பு.

நாடே ஒரு தொகுதி

நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ட்வேடே காமர் என்று பெயர். 150 இடங்கள். உறுப்பினர்களுக்குத் தனித்தனித் தொகுதி கிடையாது. நிர்வாக வசதிக்காக நாட்டை இருபது வட்டங்களாகப் பிரித்திருந்தாலும், இடங்களைப் பங்கிடும்போது நாடு முழுவதும் ஒரே தொகுதிதான். ஒரு கட்சி ஆம்ஸ்டர்டாமில் வாங்கிய ஓட்டும் ஜெர்மன் எல்லையோரக் கிராமத்தில் வாங்கிய ஓட்டும் ஒரே கூடையில் விழும். 1917-இல் அரசமைப்பைத் திருத்தி இந்த விகிதாசார முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து இன்றுவரை இதே முறைதான்.

2023-இல் செல்லுபடியான ஓட்டுகள் சுமார் 1 கோடியே 4 லட்சம். அதை 150-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 69,500. அதுதான் ஓர் இடத்தின் விலை. பிவிவி வாங்கியது சுமார் 24.5 லட்சம் ஓட்டு. அதை 69,500-ஆல் வகுத்தால் 35-க்குச் சற்று மேல் வரும். ஆக 35 இடங்கள் நேரடியாகக் கிடைத்தன.

மிச்சம் இரண்டு எங்கிருந்து வந்தன? எல்லாக் கட்சிகளுக்கும் இப்படி முழு எண்ணாக இடங்களைக் கொடுத்த பிறகு சில இடங்கள் மீந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாக ஏலம் விடுவதுபோலக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும், அந்தக் கட்சிக்கு இன்னும் ஓர் இடம் கொடுத்தால் வரக்கூடிய மொத்த இடங்களால் வகுப்பார்கள். யாருடைய சராசரி அதிகமோ அவருக்கு அந்த இடம். இந்தக் கணக்கு பெரிய கட்சிகளுக்குக் கொஞ்சம் சாதகமானது. பிவிவியின் 36-ஆவது, 37-ஆவது இடங்கள் இப்படித்தான் வந்தன.

இத்தனை சதவீதம் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்று தனியாக ஒரு தடுப்பு இங்கே கிடையாது. ஜெர்மனியில் 5 சதவீதம் வேண்டும். நெதர்லாந்தில் ஒரு முழு இடத்துக்கான ஓட்டு இருந்தால் போதும். அதாவது மொத்தத்தில் 0.67 சதவீதம். 2023-இல் ஜேஏ21 என்ற வலதுசாரிக் கட்சி 71 ஆயிரம் சொச்சம் ஓட்டு வாங்கி ஓர் இடத்தைப் பிடித்தது. மூத்த குடிமக்களின் நலன் பேசும் 50ப்ளஸ் கட்சி 51 ஆயிரம் அளவில் நின்றதால் உள்ளே வர முடியவில்லை.

இதனால் என்ன ஆகிறது? அவையில் கட்சிகள் பெருகுகின்றன. 2021-இல் 17 கட்சிகள் உள்ளே வந்தன, 2023-இல் 15. விலங்குகளின் உரிமைக்கென்று ஒரு கட்சி, விவசாயிகளுக்கு ஒன்று, துருக்கி, மொராக்கோ வம்சாவளியினரிடம் செல்வாக்குள்ள ஒன்று, பைபிளை அட்சரம் பிசகாமல் பின்பற்றும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கு ஒன்று. கடைசியில் சொன்ன எஸ்ஜிபி 1922 முதல் தொடர்ந்து அவையில் இருக்கிறது. சுற்றிலும் என்ன புயல் அடித்தாலும், 2012-இலிருந்து நடந்த ஐந்து தேர்தல்களிலும் அதற்கு அச்சு அசலாக 3 இடங்கள். இந்தக் கட்சியின் முடிவை மட்டும் யாரும் பதற்றத்தோடு பார்ப்பதில்லை.

முடிவு எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஓர் ஒப்பீடு. பிரிட்டனில் 2024-இல் தொழிற்கட்சி சுமார் 34 சதவீத ஓட்டில் 650-க்கு 411 இடங்களை அள்ளியது. நெதர்லாந்தில் பிவிவி 23.5 சதவீத ஓட்டு வாங்கியது, இடங்களில் அதன் பங்கு 24.7 சதவீதம். போட்ட ஓட்டு போட்டபடி அவையில் தெரிகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இந்த முறையில் இதுவரை எந்தக் கட்சியும் தனிப்பெரும்பான்மை பெற்றதில்லை. கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளின் சிடிஏ கட்சி 1986-இலும் 1989-இலும் 54 இடங்கள் பெற்றதெல்லாம் இன்றைய கணக்கில் பெரிய சாதனை. பெரும்பான்மைக்கு வேண்டியதோ 76.

ஓட்டுப் போடுவதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. வாக்குச்சீட்டு விரித்தால் மேசையை மூடும் அளவுக்குப் பெரியது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களை வரிசையாக அச்சிட்டிருக்கும். சிவப்புப் பென்சிலால் யாராவது ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டத்தை நிரப்ப வேண்டும். மின்னணு இயந்திரங்கள் ஒரு காலத்தில் இருந்தன. பாதுகாப்புச் சந்தேகம் எழுந்ததும் அவற்றைத் தூக்கிவிட்டு மறுபடி பென்சிலுக்கே திரும்பிவிட்டார்கள். பெரும்பாலானோர் பட்டியலில் முதலில் இருக்கும் தலைவருக்கே போடுவார்கள். ஆனால் கீழே இருப்பவருக்கும் போடலாம். ஓர் இடத்துக்கான ஓட்டில் கால் பங்கைச் சொந்தப் பெயரில் வாங்கினால், கட்சிக்குக் கிடைத்த இடங்களில் அவருக்கு முன்னுரிமை.

இந்த விருப்ப ஓட்டில்தான் பீட்டர் ஒம்ட்சிக்ட் என்பவரின் கதை தொடங்குகிறது. இவரைத் தொடர்ந்தால் நெதர்லாந்தின் கடந்த சில ஆண்டுகள் பாதி புரிந்துவிடும்.

ஒரு தாளும் ஒரு புதுக் கட்சியும்

குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களை, மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாக முத்திரை குத்திக் கடனில் தள்ளியிருந்தது. அதை விடாமல் தோண்டி வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் சிடிஏ உறுப்பினரான ஒம்ட்சிக்ட். அந்த விவகாரத்தில் பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு 2021 ஜனவரியில் ராஜினாமா செய்தது. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில், பட்டியலில் இரண்டாவதாக இருந்த ஒம்ட்சிக்டுக்கு மட்டும் சுமார் 3.4 லட்சம் ஓட்டு விழுந்தது. கட்சி வாங்கிய மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு!

தேர்தலுக்குப் பின் கூட்டணிப் பேச்சுக்கான முதற்கட்டப் பணியில் இருந்த கைசா ஒல்லோங்ரென், கோவிட் தொற்று உறுதியானதும் அவசரமாகக் கட்டடத்தை விட்டு வெளியேறினார். கையில் இருந்த தாள்களைப் புகைப்படக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒம்ட்சிக்ட் பெயர், பக்கத்தில் 'வேறு இடத்தில் பதவி' என்று இருந்தது. அரசைக் கேள்வி கேட்டவரை ஓரங்கட்டப் பார்க்கிறார்களா என்று நாடே கொதித்தது. அந்த ஆண்டு அரசு அமைய 299 நாட்கள் ஆனது. அதுவே அந்த நாட்டுச் சாதனை. ஒம்ட்சிக்ட் கட்சியை விட்டு வெளியேறினார். ஆனால் அவைக்குள்தான் இருந்தார். அங்கே இடம் உறுப்பினருக்குச் சொந்தம், கட்சிக்கு இல்லை. கட்சியை விட்டுப் போனாலும் பதவி போகாது.

2023 ஜூலையில், அகதிகளின் குடும்பத்தாரை அழைத்துக்கொள்வதற்கான விதிகளில் கூட்டணிக்குள் ஒத்துப்போகாமல் ருட்டேயின் நான்காவது அரசும் விழுந்தது. 2010 முதல் பிரதமராக இருந்த அவர் இனி போட்டியில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஒம்ட்சிக்ட் என்எஸ்சி என்ற புதுக் கட்சி தொடங்கினார். மூன்று மாத வயதுடைய அந்தக் கட்சி நவம்பர் தேர்தலில் 20 இடங்களைப் பிடித்தது.

சரி, வில்டர்ஸ் எப்படி முதலிடத்துக்கு வந்தார்? குடியேற்றம், வீட்டுப் பற்றாக்குறை, விலைவாசி, நீண்ட நாள் ஆட்சி மேல் சலிப்பு என்று காரணங்களை அடுக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. 2012-இல் வெளியிலிருந்து தந்துவந்த ஆதரவை வில்டர்ஸ் விலக்கிக்கொண்டு ருட்டேயின் முதல் அரசைக் கவிழ்த்தார். அதன்பிறகு அவரோடு சேரவே மாட்டேன் என்று ருட்டே கதவைச் சாத்தி வைத்திருந்தார். அவருக்குப் பின் அவருடைய வலதுசாரி விவிடி கட்சிக்குத் தலைவரான டிலான் யெசில்கோஸ், பிவிவியை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க மாட்டோம் என்று சொன்னார். அதுவரை பிவிவிக்குப் போடும் ஓட்டு வீண் என்று நினைத்தவர்களுக்குக் கணக்கு மாறியது. கதவு திறக்கும் என்றால் அசலுக்கே போட்டுவிடலாமே! விவிடி 34-இலிருந்து 24-க்கு இறங்கியது. பிவிவி 17-இலிருந்து 37-க்கு ஏறியது. விகிதாசார முறையிலும் மக்கள் தந்திரமாகத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். யார் யாரோடு சேருவார்கள் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

இரண்டாவது இடம், பசுமை இடதும் தொழிலாளர் கட்சியும் சேர்ந்து நின்ற கூட்டுக்கு, 25 இடங்கள். தலைமை தாங்கியவர் ஐரோப்பிய ஆணையத்திலிருந்து திரும்பிவந்த ஃபிரான்ஸ் டிம்மர்மன்ஸ். தாராளவாதிகளின் டி66-க்கு 9, விவசாயிகளின் பிபிபிக்கு 7, ஒரு காலத்தில் நாட்டை ஆண்ட சிடிஏவுக்கு வெறும் 5. மற்றவை சில்லறை.

இடத்திலிருந்து அரசுக்கு

இப்போது வம்பான பகுதி. முதலிடம் வந்த கட்சிதான் அரசமைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. முதல் முயற்சியைப் பெரிய கட்சி எடுப்பது வழக்கம், அவ்வளவுதான். 76 பேரைத் திரட்ட முடியவில்லை என்றால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும். 2012 வரை இந்தப் பேச்சுகளை நடத்த ஆளை நியமித்தது அரண்மனை. இப்போது அந்தப் பொறுப்பு அவைக்கு வந்துவிட்டது.

முதலில் ஒருவர் எல்லாத் தலைவர்களையும் தனித்தனியே பார்த்து, யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்று நாடிபிடித்துப் பார்ப்பார். அடுத்து பேச்சுகளை நடத்துபவர் வருவார். இவர் பொதுவாக ஓய்வுபெற்ற அரசியல்வாதி அல்லது மதிப்புள்ள நிபுணர். கொள்கை ஒப்பந்தம் எழுதி முடித்த பிறகு, அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்க இன்னொருவர். அவர்தான் வழக்கமாக வருங்காலப் பிரதமர். இவ்வளவு நாளும் பழைய அரசு காபந்து அரசாக நாட்டை நடத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் ராஜினாமா செய்த ருட்டே அதன்பிறகும் ஏறக்குறைய ஓராண்டு பிரதமராகவே இருந்தார்.

2023-இல் தொடக்கமே சறுக்கல். நாடிபிடிக்க பிவிவி அனுப்பிய செனட்டர், தன்மேல் எழுந்த மோசடிக் குற்றச்சாட்டால் வேலையைத் தொடங்கும் முன்பே விலகினார். அடுத்து வந்த ரொனால்ட் பிளாஸ்டர்க், பிவிவி, விவிடி, என்எஸ்சி, பிபிபி ஆகிய நான்கையும் உட்கார வைத்தார். கூட்டினால் 37, 24, 20, 7, ஆக 88. எண்ணிக்கை இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை. சட்டத்தின் ஆட்சி பற்றிப் பேசியே அரசியலுக்குப் பெயர் வாங்கிய ஒம்ட்சிக்ட், மசூதிகளையும் குர்ஆனையும் தடை செய்யக் கேட்டவரோடு எப்படி அமர்வார்? வில்டர்ஸ் அந்த மாதிரி மூன்று மசோதாக்களை 2024 ஜனவரியில் திரும்பப் பெற்றார். பிப்ரவரியில், நிதி நிலைமை பற்றிய தகவல்களைத் தாமதமாகக் கொடுத்தார்கள் என்று ஒம்ட்சிக்ட் எழுந்து போய்விட்டார்.

மார்ச்சில் ஒரு வழி கிடைத்தது. நான்கு தலைவர்களும் அமைச்சரவைக்குள் வராமல் அவையிலேயே இருப்பது, பிரதமராக வெளியாள் ஒருவரைக் கொண்டுவருவது. மற்ற கட்சிகள் எல்லாம் ஆதரித்தால்தான் நான் பிரதமராக முடியும், ஆதரவு இல்லை என்று வில்டர்ஸே சொல்லிவிட்டார். பெரிய கட்சியின் தலைவர் பிரதமர் நாற்காலியை விட்டுக்கொடுத்தது இந்த இடத்தில்தான். 37 இடங்கள் அவருக்குப் பேச்சு மேசையில் முதல் நாற்காலியை வாங்கிக் கொடுத்தன. மிச்சம் 39 பேரைக் கூட்டிவருவதற்கு அவர் கொடுத்த விலை பிரதமர் பதவி.

உளவுத்துறையின் தலைவராகவும் நீதித்துறை அமைச்சகத்தின் மூத்த அதிகாரியாகவும் இருந்த டிக் ஸ்கோஃப் 2024 ஜூலை 2 அன்று பிரதமரானார். தேர்தல் முடிந்து 223 நாட்கள் ஆகியிருந்தன. தன் பின்னால் ஒரு கட்சி இல்லாத பிரதமர், தனக்கு மேலே நான்கு தலைவர்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

போதாக்குறைக்கு மேலவை. அங்கே 75 இடங்கள், மாகாண அவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழவை நிறைவேற்றும் சட்டம் அங்கேயும் தேற வேண்டும். நான்கு கட்சிகளுக்கும் சேர்த்து மேலவையில் இருந்தது 30 இடங்கள்தான். புதிதாய்ப் பிறந்த என்எஸ்சிக்கு அங்கே ஆளே இல்லை. ஆகவே கீழவையில் 88 என்று நிமிர்ந்து நின்ற அரசு, மேலவையில் எதிர்க்கட்சிகளிடம் கையேந்த வேண்டியிருந்தது.

கவிழ்ந்த பிறகு

2025 மே மாதக் கடைசியில் வில்டர்ஸ் புகலிடக் கொள்கையை இறுக்கப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை நீட்டினார். மற்ற மூவரும் கையெழுத்துப் போடவில்லை. ஜூன் 3 அன்று பிவிவி வெளியேறியது, அரசு விழுந்தது. ஒம்ட்சிக்ட் அதற்கு முன்பே, ஏப்ரலில், உடல்நலம் இடம்கொடுக்கவில்லை என்று அரசியலை விட்டே போயிருந்தார். ஆகஸ்டில் இஸ்ரேல் மீதான நடவடிக்கைகள் பற்றிய தகராறில் என்எஸ்சி காபந்து அரசையும் விட்டு விலகியது.

2025 அக்டோபர் 29 தேர்தலில் டி66-க்கு 26, பிவிவிக்கும் 26. விவிடி 22, பசுமை இடது–தொழிலாளர் கூட்டு 20, சிடிஏ 18. ஜேஏ21 ஒன்றிலிருந்து 9-க்குத் தாவியது. 50ப்ளஸ் 2 இடங்களோடு திரும்பிவந்தது. என்எஸ்சிக்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதரின் மேல் இருந்த நம்பிக்கையில் விழுந்த ஓட்டு, அவர் போனதும் போய்விட்டது. சிடிஏவின் கணக்கைப் பாருங்கள்: 2021-இல் 15, 2023-இல் 5, 2025-இல் 18. அதே மூன்று தேர்தல்களில் டி66: 24, 9, 26. ஐந்தாண்டுக்குள் இப்படி ஏறி இறங்கும் கட்சிகள் அங்கே சகஜம். வாக்காளர்கள் கட்சி மாறுவதற்குத் தயங்குவதில்லை. ஆனால் ஒரு முகாமை விட்டு இன்னொரு முகாமுக்குப் போவது குறைவு. பிவிவி இழந்த 11 இடங்களையும், ஜேஏ21-உம் வலது ஓரத்திலிருக்கும் எஃப்விடியும் சேர்ந்து பெற்ற 12 கூடுதல் இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

இரண்டு கட்சிகளும் 26-இல் நின்றதால், முதலிடம் யாருக்கு என்று தெரிய வெளிநாட்டிலிருந்து வந்த அஞ்சல் ஓட்டுகள்வரை காத்திருந்தார்கள். கடைசியில் சுமார் 30 ஆயிரம் ஓட்டில் டி66 முந்தியது. வெளிநாட்டு ஊடகங்கள் இதைப் பெரிய ஓட்டப்பந்தயம்போலக் காட்டின. உள்ளூரில் உண்மையான கேள்வி வேறு. வில்டர்ஸோடு மறுபடி சேர மாட்டோம் என்று பெரிய கட்சிகள் எல்லாம் முன்பே சொல்லிவிட்டன. பிவிவி 30 ஆயிரம் ஓட்டில் முந்தியிருந்தாலும் 76 பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை நெதர்லாந்து முடிவு வரும்போது முதலிடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யார் யாரை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒதுக்காதவர்களைக் கூட்டி 76 வருகிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலவைக் கணக்கையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2025-இல் அப்படி எழுதிப் பார்த்தவர்களுக்கும் 76 எளிதில் வரவில்லை. இடதுசாரிக் கூட்டோடு சேர விவிடி மறுத்தது. விவிடி விரும்பிய ஜேஏ21-ஐச் சேர்க்க டி66 தயங்கியது, சேர்த்தாலும் 75-தான். கடைசியில் டி66, சிடிஏ, விவிடி மூன்றும் 66 இடங்களோடு சிறுபான்மை அரசாகவே 2026 பிப்ரவரியில் பதவியேற்றன. பிரதமர் டி66-இன் ராப் யெட்டன், பதவியேற்றபோது வயது 38. அந்த நாடு அதுவரை பார்த்ததிலேயே இளையவர். ஒவ்வொரு மசோதாவுக்கும் அவர் இன்னும் பத்து ஓட்டு தேடியாக வேண்டும். இடம்பெயர்வுச் சட்டம் என்றால் வலது பக்கம், சமூகநலச் செலவு என்றால் இடது பக்கம்.